ரயில் தீயும் தெய்வாதீனமும்

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 13-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், டீசல் எண்ணெய் நிரப்பிய டாங்கர் பெட்டிகளோடு சென்னையிலிருந்து மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு கூட்ஸ் வண்டி திருவள்ளூருக்கு அருகில் தடம் புரண்டு தீப்பிடித்துக்கொண்டது. 18 டாங்கர்கள் எரிந்தன. வானம் முழுவதும் கரும்புகை மூடிக்கொண்டது. பக்கத்து வீடுகளிலிருந்த ஜனங்கள் கட்டிய துணியோடு வெளியேற்றப்பட்டார்கள். சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ரயில் போக்குவரத்து நின்றது. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இந்தச் சேதியைப் பற்றி வேலூர், ஆம்பூர் பக்கங்களில் நாம் யாரிடம் பேசினாலும் முதலில் வந்த வார்த்தை ஒன்றேதான். "தெய்வாதீனமாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் அது. படித்தவரும் அதையே சொன்னார், படியாதவரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இன்று நாம் எழுதப்போகிறோம். ஏனென்றால், அந்த டாங்கர் வண்டியில் இருந்த டீசலைவிட இந்த வார்த்தை அதிக ஆபத்தானது என்பது நமது அபிப்பிராயம். டீசல் எரிந்தால் ஒரு நாளில் அணைந்துவிடும். இந்த வார்த்தையோ அடுத்த தீ வருகிறவரையில் ஜனங்களைத் தூங்கவைக்கிறது.

திருவள்ளூரில் தீயை அணைத்தது யார்? மேலே ஓடும் மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தினவன் மனிதன். எரியாத பெட்டிகளைக் கழற்றி அப்பால் இழுத்துக்கொண்டு போனவன் மனிதன். சுற்றுப்புற வீடுகளிலிருந்து ஜனங்களையும், கூடவே அடுப்படியிலிருந்த காஸ் சிலிண்டர்களையும் அப்புறப்படுத்தினவன் மனிதன். வெப்பத்தில் கிட்டே நெருங்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு மணிக்கணக்காக நுரையும் தண்ணீரும் அடித்த தீயணைப்புக்காரனும் மனிதனே. இவ்வளவு பேர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலைக்கு ஒரு நன்றி வார்த்தை கிடையாது. எங்கேயும் கண்ணில் படாத ஒருவருக்கு அவ்வளவு பெருமையும் போய்ச் சேருகிறது. இது நியாயமா என்று கேட்கிறோம்.

சரி, காப்பாற்றியது தெய்வம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வண்டியைக் கவிழ்த்தது யார்? காப்பாற்றுகிற சக்தி உள்ளவர், கவிழாமலே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதா? இதே தடத்தில், அரக்கோணத்துக்கு மேற்கே சித்தேரியில், 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 13-ந்தேதி இரவில், நின்றிருந்த பாசஞ்சர் வண்டியின் பின்னால் வேலூர் கண்டோன்மெண்டுக்கு வந்த வண்டி மோதி 10 பேர் செத்தார்களே, அன்றைக்கு அந்தத் தெய்வம் எந்த ஊருக்குப் போயிருந்தது? 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26-ந்தேதி மதுரை ரயிலடியில் ஒரு சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் கருகிப் போனார்கள். அவர்கள் சினிமா பார்க்கப் போனவர்களல்ல. வடக்கே லக்னோவிலிருந்து புண்ணிய ஸ்தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டு வந்த யாத்திரிகர்கள். ரயிலில் கொண்டுவரக் கூடாத காஸ் சிலிண்டரைத் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டு வந்து, விடியற்காலையில் பெட்டிக்குள் அடுப்பு மூட்டியதால் வந்த சாவு அது. யாத்திரையின் புண்ணியம் சிலிண்டரின் வாயை மூடவில்லை. ஏறும்போதே பரிசோதித்து அதை இறக்கிவைத்த ஒரு சிப்பந்தி இருந்திருந்தால் 9 பேரும் பிழைத்திருப்பார்கள்.

காப்பாற்றின கணக்கைத் தெய்வத்தின் பேரிலும், கவிழ்ந்த கணக்கை விதியின் பேரிலும் எழுதிவிட்டால், ரயில்வே இலாகாவின் பேரில் எழுதுவதற்கு என்ன மிச்சமிருக்கிறது? இதுதான் நாம் கேட்கும் கேள்வி. தோல் மண்டியில் கணக்கெழுதும் பையனுக்குக்கூட இந்தக் கணக்குப் பொய்க்கணக்கு என்று தெரியும்.

நிற்க, திருவள்ளூரில் நடந்ததற்கு ஆம்பூரில் இருப்பவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கவலைப்படத்தான் வேண்டும். திருவள்ளூரில் வெந்த தண்டவாளமும் ஆம்பூரில் நம் வீட்டுப் பின்புறம் கிடக்கும் தண்டவாளமும் ஒரே தண்டவாளம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ம் வருஷத்தில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் எது? இராணிப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு. அன்றுதொட்டு இந்தத் தடம்தான் அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. எண்ணெய் வண்டி திருவள்ளூரில் கவிழாமல் வந்திருக்குமானால் அரக்கோணத்தைத் தாண்டியிருக்கும். அதற்கப்பால் மேற்கே போகும் எந்த எண்ணெய் வண்டிக்கும் வழி நமது ஊர்கள்தான்.

எண்ணெய் டாங்கர் பெட்டி ஒன்று சுமார் 70 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஒரு வண்டியில் 50 பெட்டிகள் கோத்தால் 35 லட்சம் லிட்டர். இந்த 35 லட்சம் லிட்டரும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் குழந்தைகள் தூங்கும் வீட்டுச் சுவருக்குச் சில கஜ தூரத்தில் இரவில் ஓடுகிறது. மாலையில் ஷூ கம்பெனி விட்டதும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீடு திரும்புகிற ஊர் இது. தண்டவாளத்தைத் தாண்டித்தான் பலருக்கும் வீடு. அந்த வண்டியில் என்ன போகிறது என்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? முனிசிபல் சேர்மனுக்குத் தெரியுமா? பஞ்சாயத்துத் தலைவருக்குத் தெரியுமா?

தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருக்கிறது. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. திருவள்ளூரில் எரிந்தது டீசல். டீசல் கொஞ்சம் பொறுமையுள்ள சரக்கு. சூடேறினால்தான் அதன் ஆவி பற்றும். பெட்ரோலோ எந்தக் குளிரிலும் ஆவி விட்டுக்கொண்டே இருப்பது. ஒரு பொறி போதும். சமையல் காஸ் இன்னும் மோசம். டாங்கருக்கு வெளியே தீ எரிந்தால் உள்ளேயிருக்கும் காஸ் கொதித்து, இரும்புத் தகடே தாங்காமல் வெடித்து, தீப்பந்தாக மேலே கிளம்பும். குளோரின் போன்ற விஷக்காற்று கசிந்தாலோ தீ கண்ணுக்கே தெரியாது. அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலுள்ள குடிசைக்குள் புகும். ஆகவே ஒன்றுக்கு நுரை வேண்டும். மற்றொன்றுக்குத் தூரம் ஓட வேண்டும். வேறொன்றுக்குக் காற்றடிக்கும் திசையைப் பார்த்து மேட்டுக்குப் போக வேண்டும். வண்டியில் இருப்பது இன்னதென்று தெரியாதவன் எந்தப் பக்கம் ஓடுவான்?

இந்த விஷயம் தோல் ஷாப்பில் வேலை செய்யும் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மயிர் கழிக்கப் போடும் சல்பைடு ஒரு மூலையில் இருந்தால் ஒன்றுமில்லை. ஆசிட் மற்றொரு மூலையில் இருந்தால் ஒன்றுமில்லை. இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்தால் அழுகின முட்டை நாற்றத்தோடு கிளம்பும் விஷவாயு, தொட்டிக்குள் இறங்கினவனை ஏறவிடாது. ரயில்வேக்காரர்கள் அபாயச் சரக்குகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் "சிவப்புத் தாரிப்பு" என்ற விதிப்புத்தகமும் இதையேதான் சொல்லுகிறது. வெடிமருந்து, காஸ், பெட்ரோலியம், விஷம், ஆசிட் என்று சரக்குகளை வகை பிரித்து, எதோடு எதைச் சேர்த்து ஏற்றலாம், ஏற்றக் கூடாது என்று அது விதித்திருக்கிறது. ஒரு சரக்குக்கும் மற்றொரு சரக்குக்கும் உள்ள பகையைப் பார்த்துப் பிரித்து வைப்பது அறிவு. மனிதனுக்கும் மனிதனுக்கும் இல்லாத பகையைக் கற்பித்துப் பிரித்து வைத்த நாட்டில், ஆசிடையும் சல்பைடையும் பிரித்து வைக்க மட்டும் ஆளில்லாமல் போனால் அதைவிட மானக்கேடு வேறென்ன இருக்கிறது?

நம்மைச் சிலர் தவறாக எண்ணிக்கொள்ளக் கூடாது. எண்ணெய் வண்டி ஓடக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ரயிலில் போகும் 35 லட்சம் லிட்டரை லாரியில் ஏற்றினால், லாரிக்கு 20 ஆயிரம் லிட்டர் வீதம் 175 லாரிகள் வேண்டும். இந்த 175 லாரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மாட்டு வண்டியும் மோட்டார் சைக்கிளும் குறுக்கே போகும் ரஸ்தாவில் ஓடவேண்டும். 2012-ம் வருஷம் கேரளத்தில் கண்ணூருக்கு அடுத்த சாலா என்ற ஊரில் ஒரே ஒரு காஸ் லாரி கவிழ்ந்து 20 பேர் மாண்டார்கள். ஆகவே அபாயச் சரக்குக்கு ரஸ்தாவைவிட ரயிலே மேல் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ரயில் மேலானது என்பதால்தான் அதைச் சரியாக நடத்து என்கிறோம். நல்ல கத்தி என்பதற்காக அதைக் குழந்தை தூங்கும் பாயில் போட்டுவைப்பார் உண்டா?

வெளிநாட்டாருக்கு நம்மைவிட விபத்துக் குறைவென்றும் நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் வந்தது. வந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கனடா தேசத்தில் மிசிசாகா என்ற ஊரில் 1979-ம் வருஷம் நவம்பர் மாதம் 10-ந்தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர், காஸும் குளோரினும் ஏற்றிய கூட்ஸ் வண்டி கவிழ்ந்தது. காரணம், ஒரு சக்கரத்தின் அச்சில் எண்ணெய்ப்பசை இல்லாமல் சூடேறிச் சக்கரமே கழன்றுகொண்டதுதான். காஸ் டாங்கர்கள் வெடித்தன. குளோரின் டாங்கர் கசிந்தது. உடனே இன்ன பெட்டியில் இன்ன சரக்கு என்று பார்த்துக்கொண்டு, காற்று வீசும் திசையைக் கணக்கிட்டு, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். ஒரு உயிரும் போகவில்லை. இரண்டு லட்சம் பேரை நகர்த்துவதற்கு அவர்கள் யாகம் செய்யவில்லை. சரக்குப் பட்டியலும் பஸ் வண்டியும் போலீஸ்காரனும் போதுமானதாயிருந்தது.

அதே கனடாவில் லாக் மெகாந்திக் என்ற சிற்றூரில் 2013-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந்தேதி நடந்ததோ வேறு. 72 டாங்கர் கச்சா எண்ணெயோடு ஒரு வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு, ஆள் காவலும் இல்லாமல், போதிய கைப்பிரேக்கும் போடாமல் விட்டுப் போனார்கள். எஞ்சினை அணைத்ததும் காற்றுப் பிரேக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. வண்டி தானாகவே உருண்டு ஊருக்குள் புகுந்து எரிந்தது. 47 பேர் செத்தார்கள். அந்த எண்ணெய் எவ்வளவு எளிதில் பற்றக்கூடியது என்பதையும் காகிதத்தில் குறைத்து எழுதியிருந்தார்கள் என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. கனடா சர்க்கார் இதை விதி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் நவம்பரில், எந்த ஊர் வழியாக என்ன அபாயச் சரக்கு எவ்வளவு போகிறது என்கிற கணக்கை அந்தந்த ஊரின் அபாய காலத் திட்ட அதிகாரிக்கு ரயில் கம்பெனிகள் கொடுத்தே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டது.

ஆகவே ஒரே தேசத்தில் நடந்த இரண்டு விபத்துகளில், ஒன்றில் ஒருவரும் சாகவில்லை. மற்றொன்றில் 47 பேர் செத்தார்கள். முதலாவது ஊரில் ஜனங்களை நகர்த்த அவகாசமும் பட்டியலும் இருந்தன. இரண்டாவது ஊரில் நடு இரவில் ஆளில்லாத வண்டி வந்து விழுந்தது; அங்கே சாவைத் தடுத்திருக்கக் கூடியது முன் ஜாக்கிரதை ஒன்றேதான். இரண்டிலும் தெய்வத்துக்கு வேலையில்லை.

இனி நம் தேசத்துக்கு வருவோம். நம்மிடம் சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1989-ம் வருஷத்திய ரயில்வே சட்டத்தின் 67-வது பிரிவு, அபாயச் சரக்கைக் கொண்டுவருகிறவன் அது இன்னதென்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மூட்டையின் மேல் குறி போடவேண்டும் என்கிறது. மீறினவனுக்கு 164-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை ஜெயில் உண்டு. இரசாயன விபத்துகளைப் பற்றிய 1996-ம் வருஷத்து விதிகளின்படி ஜில்லாவுக்கு ஒன்றும், தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்துக்கு ஒன்றும் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும். தோல் ஷாப்புகள் நிறைந்த இந்த வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லாக்களில் அப்படி ஒரு குழு இருக்கிறது என்றோ, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்றோ வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கைதூக்கச் சொன்னால் கைகள் எண்ணுவதற்குக்கூட இருக்காது. சட்டம் பீரோவில் இருக்கிறது. எண்ணெய் தண்டவாளத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் சந்திப்பே இல்லை.

பணம் இல்லையென்பார்களோ? அதுவும் பொய். தண்டவாளத்தையும் பாலத்தையும் செம்மையாக்கி விபத்தைத் தடுப்பதற்கென்றே 2017-ம் வருஷத்தில், ஐந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று ஒரு தனி நிதி ஏற்படுத்தினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கே போயிற்றென்று இந்திய சர்க்காரின் தணிக்கை அதிகாரியே 2022-ம் வருஷத்து அறிக்கையில் எழுதியிருக்கிறார். கால் பிடித்துவிடும் எந்திரம் வாங்கியிருக்கிறார்கள்! பீங்கான் பாத்திரம் வாங்கியிருக்கிறார்கள்! நாற்காலி மேஜை வாங்கியிருக்கிறார்கள்! தண்டவாளத்தின் கோளாறைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வண்டிகள் ஓடவேண்டிய அளவு ஓடவில்லை என்றும், அதில் 30 சதவிகிதம் முதல் 100 சதவிகிதம் வரை குறைவு என்றும் அதே அறிக்கை சொல்லுகிறது. நூற்றுக்கு நூறு குறைவென்றால் என்ன அர்த்தம்? ஓடவே இல்லை என்பதுதான் அர்த்தம். தண்டவாளத்துக்கு வந்த நோயைப் பார்க்க ஆளில்லை. கால் வலிக்கு மட்டும் எந்திரம் வந்துவிட்டது.

ஆள் விஷயமோ அதைவிடக் கேவலம். ரயில்வேயில் ஜாக்கிரதைக்குச் சம்பந்தப்பட்ட சுமார் 10 லட்சம் வேலைகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் காலியாகக் கிடக்கிறதென்று 2024-ம் வருஷத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தது. கையில் சுத்தியலும் ஸ்பானரும் தூக்கிக்கொண்டு, வெயிலிலும் பனியிலும் மைல் கணக்காகத் தண்டவாளத்தின்மேல் நடந்து, தளர்ந்த கொக்கியை இறுக்கி, விரிசலைக் கண்டால் சிவப்புக் கொடி பிடிக்கிறானே அந்தக் கீமேன், அவனுடைய இடம் காலியானால் அந்த இடத்தில் எந்தத் தெய்வம் வந்து நடக்கப்போகிறது? ஆயுத பூஜை அன்று எஞ்சினுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். நசுங்கின எலுமிச்சம்பழம் எந்தத் தண்டவாளத்தின் விரிசலையாவது சொன்னதுண்டா? அல்ட்ராசோனிக் கருவி சொல்லும். கீமேனின் சுத்தியல் சொல்லும். 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே பொன்னையாற்றுப் பாலத்தில் கோளாறு இருப்பதைக் கண்டு, வண்டிகளை நிறுத்தி, செப்பனிட்ட பிறகு விட்டார்கள். ரயில்கள் ரத்தானதற்கு அன்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். நாம் கேட்கிறோம், அந்தப் பாலத்தின்மேல் பெட்ரோல் வண்டி ஏறும் வரையில் யாரும் பார்க்காமலிருந்திருந்தால்? பார்த்தவன் மனிதன்; நிறுத்தினவன் மனிதன். அதுதான் யோக்கியமான ஆயுத பூஜை.

இந்தத் தோல் வட்டாரத்துக்கு அலட்சியத்தின் விலை என்னவென்று தெரியாமலில்லை. 2015-ம் வருஷம் ஜனவரி மாதம் 31-ந்தேதி அதிகாலை இராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவைச் சேர்த்து வைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் அந்த விஷச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அந்தத் தொட்டிக்கு அருகில் எந்த முதலாளியாவது படுத்திருந்தாரா? எந்த அதிகாரியாவது படுத்திருந்தாரா? அபாயத்தின் பக்கத்தில் எப்போதும் யாரைப் படுக்க வைக்கிறோம் என்பதில்தான் இந்தச் சமூகத்தின் யோக்கியதை தெரிகிறது. தண்டவாளத்தின் ஓரத்தைப் போய்ப் பாருங்கள். அக்கிரகாரமா இருக்கிறது? பங்களாவா இருக்கிறது? ஊருக்குள் இடமில்லையென்று தள்ளப்பட்டவர்களின் சேரியும், வாடகை கொடுக்க முடியாதவர்களின் குடிசையும்தான் இருக்கும். எண்ணெய் வண்டி கவிழ்ந்தால் முதலில் வேகிறவன் யாரென்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. தீர்மானித்தது தலையெழுத்தல்ல, தெருவைப் பிரித்த ஜாதியும் மனையைப் பிரித்த பணமும்தான்.

இதே வேலூர்த் தோல் கழிவு வழக்கில்தான் 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தீர்ப்புச் சொல்லிற்று. கெடுதல் வந்த பிறகு அழுவதல்ல, வருமுன்னே தடுப்பதே கடமை. கெடுத்தவனே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டப்படும் இந்த நியாயம் பாலாற்றங்கரையின் துன்பத்திலிருந்து பிறந்தது. ஆற்றுக்குப் பொருந்துகிற நியாயம் தண்டவாளத்துக்குப் பொருந்தாதா?

இதற்கு உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடிய சமாதானம் நமக்குத் தெரியும். "எந்த வண்டியில் என்ன போகிறதென்று வெளியிட்டால் ஜனங்கள் பீதியடைவார்கள், நாசகாரர்களுக்கும் உதவியாகிவிடும்" என்பார்கள். வண்டி புறப்படும் நேரத்தைத் தண்டோரா போடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. இந்த ஊர் வழியாக வருஷத்தில் என்ன சரக்கு, ஏறக்குறைய எவ்வளவு போகிறது என்பதை ஊரின் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் சொல் என்கிறோம். பீதி என்பது தெரிந்தவனுக்கு வருவதல்ல. இருட்டில் கயிறு பாம்பாவது பார்க்க முடியாதவனுக்குத்தான்; விளக்கு ஏற்றினவனுக்கல்ல.

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. அரக்கோணம் முதல் ஜோலார்பேட்டை வரை தடத்தை ஒட்டியுள்ள ஒவ்வொரு முனிசிபாலிட்டிக்கும் பஞ்சாயத்துக்கும், அவ்வழியே போகும் அபாயச் சரக்குகளின் கணக்கை ரயில்வே இலாகா வருஷந்தோறும் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்.

2. காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி தீயணைப்பு நிலையங்களில் எண்ணெய்த் தீக்கு வேண்டிய நுரையும், விஷவாயுவுக்கு வேண்டிய முகமூடியும் தயாராக இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை ஜனங்கள் நேரில் பார்க்க அனுமதிக்க வேண்டும்.

3. வருஷத்துக்கு ஒரு முறையாவது தண்டவாளத்தோரத்துச் சேரிகளிலும் பேட்டைகளிலும் எப்படி வெளியேறுவதென்று ஒத்திகை நடத்த வேண்டும். ஒத்திகை கலெக்டர் ஆபீஸ் வாசலில் போட்டோவுக்கு நடக்கக் கூடாது.

4. தண்டவாளத்தைப் பரிசோதிக்கும் வேலைகளில் காலியிடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜாக்கிரதை நிதியில் ஒரு செப்புக் காசுகூட வேறு காரியத்துக்குப் போகக் கூடாது.

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. வாசகர்களும் செய்ய வேண்டியது உண்டு. அபாயச் சரக்கு ஏற்றிய டாங்கர்களின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். உலகமெங்கும் ஒரே எண்தான். 1202 என்றால் டீசல், 1203 பெட்ரோல், 1075 சமையல் காஸ், 1830 கந்தக ஆசிட், 1017 குளோரின். இருபத்தேழு நட்சத்திரத்தையும் பன்னிரண்டு ராசியையும் மனப்பாடம் செய்த நமக்கு இந்த ஐந்து எண்களா பெரிது? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விபத்தைக் கண்டால் 112-க்கோ, ரயில்வேயின் 139-க்கோ போன் செய்யும்போது இடத்தோடு இந்த எண்ணையும் சொன்னால், வருகிறவன் எதைக் கொண்டுவருவதென்று தெரிந்து வருவான்.

மற்றொன்று. எண்ணெய் வண்டி கவிழ்ந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். 2017-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பாகிஸ்தானில் அகமத்பூர் என்ற ஊரில் கவிழ்ந்த லாரியிலிருந்து ஒழுகின பெட்ரோலைப் பிடிக்கக் கூடினவர்களில் 200 பேருக்கு மேல் ஒரே தீயில் மாண்டார்கள். அவர்கள் திருடர்களல்ல, ஏழைகள். இலவசமாக வந்தது என்று எண்ணி உயிரை விலையாகக் கொடுத்தார்கள். காற்று எங்கிருந்து வீசுகிறதென்று பாருங்கள். அதற்கு எதிராகவோ குறுக்காகவோ விலகிப் போங்கள். பீடியையும் அடுப்பையும் அணையுங்கள். கிழவரையும் குழந்தையையும் முதலில் கொண்டுபோங்கள். சாமி படத்தைத் தேடி உள்ளே ஓடாதீர்கள். அது உண்மையில் சக்தியுள்ளதானால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

தோழர்களே! அடுத்த முறை யாராவது "தெய்வாதீனமாகத் தப்பினோம்" என்று சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அடுத்த வண்டி எத்தனை மணிக்கு? அதில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போங்கள். அங்கும் தெரியாவிட்டால் ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதிக் கலெக்டருக்கு அனுப்புங்கள். இந்த ஒரு வேலை நடந்துவிட்டால் நாம் இவ்வளவு எழுதியது வீணல்ல. நடக்காவிட்டால், மறுபடியும் ஒரு விடியற்காலையில் வானம் கறுக்கும். அன்றும் ஒருவர் வந்து தெய்வாதீனம் என்பாரேயானால், அது யாருடைய வீட்டுச் சாம்பலின்மேல் நின்றுகொண்டு சொல்லப்படும் என்பதை யோசித்துப் பாருங்கள்.